பாதி கழுவிய துப்பாக்கி

அந்த ஓரத்தில் உட்காராதீர்கள் தம்பி, பெஞ்சுக்கு அந்தப் பக்கம் கால் ஆடுகிறது. இப்படி என் பக்கம் தள்ளி வாருங்கள். அவசரமே இல்லை. நம் பேரைக் கூப்பிட மத்தியானம் ஆகிவிடும். நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள், சாட்சியா? சாட்சி என்றால் கொடுத்து வைத்தவர். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடலாம்.

என் பேர் சோலைமலை, நான் குற்றம் சாட்டப்பட்டவன். துப்பாக்கிக் கேஸ். தள்ளி உட்கார வேண்டாம், மனுசனைச் சுட்டதில்லை. காட்டுமாடு. அதையும் நான் சுடவில்லை. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான், துப்பாக்கியைக் கழுவினேன். சுட்டவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறான், கழுவினவன் கூண்டில் நிற்கிறேன். அதோ பாருங்கள், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், தலையில் ஒரு முடி இல்லாமல் வழுவழுவென்று. அவன்தான் சடையப்பன். என் பக்கத்துத் தோட்டக்காரன். சுட்டது அவன்தான்.

இன்றைக்கு ஜட்ஜய்யா என்னிடம் கேட்பாராம், நீ என்ன சொல்ல விரும்புகிறாய் என்று. அப்போது அவன் பேரைச் சொல்லப் போகிறேன். சொன்னால்தான் நான் தப்பிக்க வழி. இல்லாவிட்டால் ஏழு வருசம் வரைக்கும் போடலாம் என்கிறார் வக்கீலம்மா. இந்த வயதில் உள்ளே போனால் என்னைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும்.

எங்கள் ஊர் மேலே, மலையில். காப்பி கொஞ்சம், வாழை கொஞ்சம், வீட்டை ஒட்டி சவ்சவ் பந்தல். பன்றித் தொல்லைக்காக எங்கள் ஊரில் பல பேருக்கு லைசென்சு உண்டு. நீங்கள் சினிமாவில் பார்க்கிற தோட்டா போடும் துப்பாக்கி இல்லை இது. வாய் வழியாகக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. கருமருந்தைக் குழல் வாயில் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து இடித்து, அதற்கு மேல் ரவையோ ஈயக் குண்டோ போட்டு, மறுபடி நாரை அடைத்து இடிக்க வேண்டும். பின்னால் சின்ன மூக்கு மாதிரி ஒன்று இருக்கும், அதன் மேல் தீப்பொறி தருகிற கேப்பு மாட்ட வேண்டும். குதிரையை இழுத்து விசையை அழுத்தினால் ஒரு வெடி. அவ்வளவுதான். அடுத்த வெடிக்கு மறுபடியும் முதலிலிருந்து.

சுடுவது பெரிய காரியம் இல்லை தம்பி. யார் வேண்டுமானாலும் சுடலாம். சுட்ட பிறகு என்ன செய்கிறான் என்பதில்தான் ஆள் தெரியும்.

அன்றைக்கே கழுவ வேண்டும். நாளைக்கு என்று வைக்கவே கூடாது. மருந்து வெடித்த குழலுக்குள் கரி மட்டும் படியாது, உப்பு மாதிரி ஒன்றும் படியும். எங்கள் மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே நடமாடும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து, ஒரே ராத்திரியில் இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். அதனால் முதல் வேலை அடுப்பில் தண்ணீர். தளதளவென்று கொதிக்க வேண்டும். குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, அந்தச் சின்ன மூக்கையும் திருகி எடுத்து, அடிப்பக்கத்தை ஒரு பழைய சட்டியில் நிறுத்தி, வாய் வழியாக ஊற்ற வேண்டும். முதல் தண்ணீர் மையாக வரும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அடுத்தது சாம்பல் நிறம். பிறகு கம்பி நுனியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு ஏற்றி இறக்கினால், அடித் துளை வழியாகத் தண்ணீர் உறிஞ்சிப் பீச்சும். தெளிந்து வருகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது.

பச்சைத் தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கொதி தண்ணீர் ஊற்றினால் குழல் தொட முடியாமல் சூடாகிவிடும். அந்தச் சூட்டிலேயே உள் ஈரம் தானாகக் காயும். அப்புறம் உலர்ந்த துணி. அப்புறம் எண்ணெய்த் துணி, அதுவும் தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய். எண்ணெய்க்கு முன்னால் நான் இன்னொன்று செய்வேன். சுண்டு விரலை உள்ளே விட்டுத் துடைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். உப்புக் கரித்தால் மறுபடியும் அடுப்பு.

என் வீட்டுக்காரி இருந்த காலத்தில், "துப்பாக்கிக்கு வெந்நி, மனுசிக்குப் பச்சத் தண்ணி" என்று சொல்லிக் காட்டுவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு மருமகள் வந்தாள். ரேணுகா என்று பேர். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். நான் கெட்டிக்கும்போதும் சரி, கழுவும்போதும் சரி, நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். பெண்பிள்ளைக்கு இதில் என்ன புரியும். வேடிக்கை.

சடையப்பன் கதைக்கு வருகிறேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இருந்த காலத்தில் ஒரு தரம் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனான். லைசென்சு துப்பாக்கியைக் கைமாற்றக் கூடாதுதான், தெரியும். அவன் பீன்ஸ் காட்டைப் பன்றி ஏர் பூட்டினது மாதிரி உழுதுவிட்டுப் போயிருந்தது. முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் கழித்துச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான்.

"ஏண்டா, கழுவலயா?"

"எதுக்குண்ணே கழுவணும்? அடுத்த தரம் சுட்டா அழுக்கு அதுவா வெளிய போயிருமே."

அதுவா வெளியே போய்விடுமாம். நான் கழுவிப் பார்த்தால் உள்ளே அம்மை வார்த்த முகம் மாதிரி குழி விழுந்திருந்தது. இன்றைக்கும் அந்தக் குழிகள் இருக்கின்றன. அன்றைக்கு அவனை அவன் பெண்டாட்டி முன்னால் வைத்துத் திட்டினேன். அதோடு பேச்சு நின்றது. அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தான், நான் போகவில்லை. என் வீட்டுக்காரி செத்தபோது வந்தான், பாடைக்கு மூங்கில் வெட்டினான். அப்போதும் நான் பேசவில்லை. அதனால், கழுவாத துப்பாக்கி என்றால் எனக்கு ஒரே முகம்தான் தெரியும்.

போன வருசம் ஐப்பசியில் என் தங்கச்சி புருசன் தவறிவிட்டான் என்று கீழே போனேன். கருமாதி முடிந்துதான் திரும்ப முடிந்தது. மகன் பால்பாண்டி லாரியில் வடக்கே போயிருந்தான். வீட்டில் மருமகளும் கைப்பிள்ளையும் மட்டும்தான். அதாவது, வீட்டில் யாரும் இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி மேடு ஏறும்போதே பார்த்தேன், கொல்லை வேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பந்தலில் ஒரு மூலை தரையில் கிடந்தது. சடையப்பன் மாட்டை அவிழ்த்துவிட்டிருப்பான் என்று திட்டிக்கொண்டே உள்ளே போனேன். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேடு ஏறும்போதே என் தலையைப் பார்த்து வைத்திருக்கிறாள்.

"எனக்குக் குளிக்கவாம்மா?"

"குளிக்கவும்தான் மாமா" என்றாள். அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு, "துப்பாக்கிய ஒரு தரம் பாத்துருங்க மாமா. ஈரக் காத்தா அடிச்சுக்கிட்டு இருக்கு" என்றாள்.

பாருங்கள், என் பொருள்மேல் அவளுக்கு எவ்வளவு அக்கறை. அவளுக்கே அப்போது உடம்பு சரியில்லை. வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை, இடது கையால்தான் குழம்பைக் கிண்டினாள். பிள்ளையைத் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று தைலம் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையும் அதிலிருந்து சரியில்லை. மாட்டைப் பார்த்தால் வீறிட்டுக் கத்துகிறது. பசு மாட்டைப் பார்த்தாலும் அப்படித்தான். கண்ணேறு என்று கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினேன். நிற்கவில்லை.

துப்பாக்கியை உள் அறை மூலையில் சங்கிலி கோத்துப் பூட்டி வைத்திருப்பேன். சாவி அரிசி டப்பாவுக்குள் கிடக்கும். பூட்டினது பூட்டினபடி இருந்தது. திறந்து குழல் வாயில் மூக்கை வைத்தேன் பாருங்கள். அதே முட்டை நாற்றம். கூடவே செம்பருத்தி போட்டுக் காய்ச்சின தலை எண்ணெய் வாசம்.

யாரோ சுட்டிருக்கிறான். சுட்டுவிட்டுக் கழுவவும் செய்திருக்கிறான். ஆனால் பாதிதான். வெந்நீர் ஊற்றியிருக்கிறான், துணி விட்டிருக்கிறான், கடைசியில் எண்ணெய்கூடப் போட்டிருக்கிறான். ஆனால் அந்தச் சின்ன மூக்கைக் கழற்றவில்லை. கழற்றுகிற சாவி என் இடுப்பு அரைஞாணில் இருக்கிறது, எப்படிக் கழற்றுவான்? அடியில் கரி அப்படியே இறுகி, துரு பூத்திருந்தது.

நான் யோசித்தேன். கழுவாமலே விட்டிருந்தால் சடையப்பன் என்று அடித்துச் சொல்லலாம். பாதி கழுவியிருக்கிறது. அப்படியென்றால் இன்னும் நிச்சயமாகச் சடையப்பன்தான். அன்றைக்கு நான் திட்டின திட்டு பாதியாவது அவன் மண்டையில் ஏறியிருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். வக்கீலம்மாவும் இப்படித்தான் சிரித்தார். எஸ்தர் என்று பேர், நல்ல மாதிரி. ஆனால் கேள்வி மேல் கேள்வி கேட்பார்.

"அரிசி டப்பாவுல சாவி இருக்கிறது யார் யாருக்குத் தெரியும் ஐயா?"

"எனக்கும் மருமகளுக்கும்."

"அப்ப சடையப்பனுக்கு?"

"எங்க வீட்டுல ஒரு காலத்துல கை நனைச்சவன்தானேம்மா."

"சரி. அந்தத் தலை எண்ணெய்? அவருக்குத் தலையில முடியே இல்லையே."

"அவன் பொண்டாட்டிக்கு இருக்குல்லம்மா" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எங்கே விட்டேன்? ஆமாம், அன்றைக்குக் குளிக்கக்கூட இல்லை. அந்த வெந்நீரை அப்படியே எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிட்டேன். சாவு வீட்டுக்குப் போய் வந்த களைப்பு, வயிற்றில் பசி, ஒன்றும் தெரியவில்லை. மூக்கைக் கழற்றி, அடியில் இருந்த கரியைக் குச்சியால் நோண்டி எடுத்து, தண்ணீர் மேல் தண்ணீர் ஊற்றி, அந்தத் தலை எண்ணெயைச் சோடா உப்புப் போட்டு எடுத்து, கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. நிம்மதியாக எண்ணெய் போட்டுப் பூட்டினேன். மருமகள் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப ஒண்ணும் தெரியாதா மாமா?" என்றாள். "ஒரு பொட்டு அழுக்குத் தெரியாது" என்றேன். ஒரு பெருமூச்சு விட்டாள். நான் பட்ட கஷ்டத்தைப் பார்த்து.

சில நாள் கழித்து ஓடைப் பக்கம் நாற்றம் அடிக்கிறது என்று யாரோ போய்ப் பார்த்தால், பெரிய காட்டுமாடு, கிடா, விலாவில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. வனத்துறை டாக்டர் வந்து அறுத்து ஈயக் குண்டை எடுத்தார். ரேஞ்சரும் போலீசும் வந்து ஊரில் உள்ள லைசென்சு துப்பாக்கி எல்லாவற்றையும் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். வரிசையாக வைத்தோம். சப்-இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்று துரு. ஒன்றில் குளவிக் கூடு. ஒன்றில் குதிரையே இல்லை. என்னுடையதை எடுத்தார்.

"எல்லாம் தாத்தா மாதிரி கெடக்கு. இது மட்டும் ஏன்யா மாப்பிள்ளை மாதிரி இருக்கு?"

"கழுவுனேங்கய்யா."

"எப்ப?"

"போன வாரம்."

"எதுக்குக் கழுவுன?"

"சுட்டிருந்துச்சுங்கய்யா."

ஊரே சிரித்தது. "யாரு சுட்டது?" என்றார். "நான் இல்லீங்க" என்றேன். மறுபடியும் சிரித்தார்கள். நான் பொய் சொல்லியிருக்க வேண்டும், ரொம்ப நாளாகச் சுடவேயில்லை என்று. ஆனால் ரொம்ப நாளாகச் சுடாத குழல் அப்படியா இருக்கும்? என் கை வேலையைப் பார்த்து ஒரு ஆள் கேட்கும்போது நான் எப்படி இல்லை என்பேன்.

கூட்டத்துக்குப் பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு மருமகள் நின்றாள். "மாமா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். போலீசுக்காரன் நான்கு பேர் நிற்கிற இடத்தில். "வீட்டுக்குப் போம்மா, உனக்கு இங்க என்ன வேல?" என்று அதட்டினேன். என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் ஸ்டேசனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கண்டிஷன். முதல் பஸ்ஸில் இறங்கிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து மேலே போவதற்குள் வெயில் சாய்ந்துவிடும். காப்பிப் பழம் மரத்திலேயே காய்ந்தது. பன்றிக்கு எப்படித்தான் தெரியுமோ, வீட்டில் துப்பாக்கி இல்லை என்று. இப்போது பந்தலுக்குக் கீழேயே குட்டி போட்டுப் படுத்திருக்கிறது. வெளியூர் போக முடியாது, தோட்டத்தில் நிற்க முடியாது. தங்கச்சி வீட்டில் வருசத் திதி, அதற்குக்கூடப் போக முடியவில்லை. மலையில் பிறந்து வளர்ந்தவன் தம்பி, இப்போது அந்த மலையே என்னைச் சுற்றிக் கட்டின சுவர் மாதிரி இருக்கிறது.

மருமகள் சோறு போடும்போதெல்லாம், "மாமா, அன்னிக்குக் காலையில..." என்று ஆரம்பிப்பாள். "திங்கிற எடத்துல கேஸ் பேச்சு வேண்டாம்மா" என்பேன். அவளுக்கு ஆறுதல் சொல்ல ஆசை, பாவம். ராத்திரி பால்பாண்டி போன் செய்தால் கொல்லைப் பக்கம் போய் நின்று பேசுவாள். அழுகிற சத்தம் கேட்கும். "எல்லாம் அப்பா பாத்துக்குவாரு, நீ வாயத் தொறக்காத" என்று அவன் கத்துவது போனுக்கு வெளியே கேட்கும். புருசன் பெண்டாட்டி சண்டை, நமக்கு எதற்கு என்று நான் ரேடியோவைத் திருகிவிடுவேன்.

இதில் எனக்கு வயிறு எரிகிற விசயம் ஒன்று உண்டு. துப்பாக்கியைச் சோதனைக்கு அனுப்பினார்கள் அல்லவா, அங்கே சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுட்டுவிட்டுக் கழுவவில்லை. அப்படியே சாக்குத் துணியில் சுற்றி அரக்கு வைத்து அனுப்பிவிட்டார்கள். போன வாய்தாவுக்கு மேசைமேல் பிரித்து வைத்தார்கள். குழல் வாயெல்லாம் செங்கல் நிறம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையைத் தூக்கினேன். "என்ன?" என்றார் ஜட்ஜய்யா.

"ஐயா, ஒரு அரை மணி நேரமும் ஒரு பானை வெந்நியும் குடுத்தீங்கன்னா, இங்கயே வராந்தாவுல வச்சுக் கழுவிக் குடுத்துருவேன்."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜய்யா சிரிக்கவில்லை. "பெரியவரே, அதைக் கழுவுனதாலதான் நீங்க இங்க நிக்கிறீங்க" என்றார். சாட்சிப் பொருளை யாரும் தொடக் கூடாதாம். கேஸ் முடிகிறதற்குள் அது இரும்பாகவே இருக்காது.

சடையப்பன் தந்திரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். அவன் சர்க்கார் தரப்பு சாட்சி. காலையில் வெடிச் சத்தம் கேட்டதாகச் சொல்ல வந்தான். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, "சோல அண்ணன் அன்னிக்கு ஊர்லயே இல்லீங்கய்யா" என்றான். சர்க்கார் வக்கீலுக்கு முகம் கறுத்துவிட்டது. மாடு என்றைக்கு அடிபட்டது என்று யாருக்கும் நிச்சயமில்லை, நீ கேட்ட சத்தம் வேறாக இருக்கும் என்று மடக்கினார். இவன் மாற்றிச் சொல்லவேயில்லை. எல்லாரும் என்னிடம், பாத்தியா உனக்கு உதவி பண்ணிட்டான் என்றார்கள். உதவியா? நான் ஊரில் இல்லை என்பதை இவ்வளவு திட்டமாக ஞாபகம் வைத்திருக்கிறான் என்றால், அந்த நேரம் பார்த்துத்தானே சுட்டிருக்கிறான்?

இன்றைக்குக் காலையில் என் பக்கத்தில் வந்தான். எத்தனையோ வருசத்துக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "அண்ணே, என் பேரச் சொல்லப் போறியாமே" என்றான். நான் வேறு பக்கம் பார்த்தேன். "சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லு" என்றான். வீட்டில் யாரைக் கேட்பது? என் வீட்டுக்காரி போய் வருசக்கணக்காகிறது. வீட்டில் கேளு என்கிறான். குத்திக் காட்டுகிறான்.

வக்கீலம்மா முதலில் வேறு ஒரு வழி சொன்னார். "அந்த மாடு யாரையாவது முட்ட வந்துச்சா ஐயா? உசுருக்கு ஆபத்துன்னு சுட்டிருந்தா சட்டம் அத வேற மாதிரிப் பாக்கும். குத்தமே இல்லன்னு விட்டுருவாங்க. அன்னிக்கு வீட்டுல யார் இருந்தது?"

"யாருமே இல்லம்மா. மருமகளும் பிள்ளையும்தான்."

"அவங்கள ஒரு தரம் கூட்டிட்டு வாங்களேன்."

"பொம்பளப் பிள்ளையக் கோர்ட்டு வாசல்ல நிறுத்துற குடும்பம் இல்லம்மா எங்களது" என்றேன். அப்புறம்தான் சடையப்பன் பேரைச் சொல்வது என்று நானே முடிவு செய்தேன். அவருக்கு அதில் இஷ்டமில்லை. எனக்கு வேறு எந்தக் கதவு திறந்திருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

இன்றைக்கு அவளாகவே வந்துவிட்டாள். பஸ் ஏறினால், பின்னாலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். எதற்கு என்றேன். "நீங்க காலையில சாப்பிடல, மயக்கம் கியக்கம் வந்தா யார் பாக்கிறது" என்றாள். நல்ல பிள்ளை. அதோ, ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறாள் பாருங்கள், வக்கீலம்மாவோடு. அப்போதிருந்து பேசிக்கொண்டிருக்கிறாள். கையை எப்படி ஆட்டிப் பேசுகிறாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் இவ்வளவு பேசினதில்லை. வக்கீலம்மா இந்தப் பக்கம் பார்க்கிறார். என்னைத்தான் பார்க்கிறார். ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார். ஏன் அவளிடம் வாங்குகிறார்?

கூப்பிடுகிறார்கள். சோலைமலை, சோலைமலை, சோலைமலை. மூன்று தரம் கூப்பிட்டாயிற்று. வந்துவிட்டேன் ஐயா. இந்தத் துண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி, இடம் போய்விடும்.

"என்னம்மா ஓடி வர்ற? என்னத்தான் கூப்புடுறாங்க."

"தெரியும் மாமா. பாப்பாவ வாங்கிக்குங்க."

"உள்ள போறவன்கிட்டப் பிள்ளையக் குடுக்கிறியே."

"நான் உள்ள போறேன் மாமா. வக்கீலம்மா மனு எழுதிட்டாங்க. நீங்க சித்தப்பா பேரச் சொல்லக் கூடாது."

"யாரு சித்தப்பா?"

போய்விட்டாள். பாருங்கள் தம்பி, பிள்ளையை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் படியேறிப் போகிறாள். சடையப்பன் வேறு ஒதுங்கி அவளுக்கு வழிவிடுகிறான். ஐயா, போலீசய்யா, நான்தான் சோலைமலை, என்னை விடுங்கள்.

"கைப்பிள்ளையோட உள்ள வராதீங்க பெரியவரே, அழுதா ஐயா கோவிப்பாரு. வக்கீலம்மா ஏதோ மனு குடுக்கிறாங்க. கூப்புடும்போது வாங்க."

இந்த ஜன்னல் பக்கம் வாருங்கள் தம்பி. இங்கே நின்றால் கேட்கும். அவள் பேசுகிறாள். அவளுக்கு இவ்வளவு சத்தமாகப் பேச வருமா?

"தூளியில பிள்ள தூங்கிட்டு இருந்துச்சுங்கய்யா, பந்தல்ல கட்டியிருந்தேன். நான் அடுப்படியில. மாடு வேலியப் பிச்சுக்கிட்டு உள்ள வந்து, தூளிக்கும் எனக்கும் நடுவுல நின்னுருச்சு. தட்டத் தட்டுனேன், கத்துனேன், தீக்கட்டைய எறிஞ்சேன். போகல. பந்தல் மூலைய இழுத்துத் தள்ளிட்டுத் தூளிய மோந்து பாத்துச்சு."

பொய் தம்பி. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாள். இவளுக்குத் துப்பாக்கியைத் தூக்கவே தெரியாது.

"யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?" ஜட்ஜய்யா கேட்கிறார்.

"யாரும் சொல்லிக் குடுக்கலைங்கய்யா. மாமா செய்யிறத தெனம் பாப்பேன். மருந்து எவ்வளவுன்னு மட்டும் தெரியல. உள்ளங்கை நெறயப் போட்டேன்."

உள்ளங்கை நிறைய. உள்ளங்கை நிறையவா போட்டாள்? தம்பி, அது பழைய குழல், உள்ளே குழி விழுந்த குழல். அந்த மருந்துக்குப் பிளந்திருக்க வேண்டும். அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டிருக்கிறாள். பிளந்திருந்தால் முகம் இருந்திருக்காது.

அந்தத் தோள்.

இல்லை, இது ஆகாது. அவளைக் கூண்டில் நிற்க விடக் கூடாது. நான் போய் நான்தான் சுட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். நான்தான் சுட்டேன், நான்தான் கழுவினேன், எல்லாம் நான்தான். பிள்ளையைக் கொஞ்சம் பிடியுங்கள் தம்பி. போ கண்ணு, மாமாகிட்டப் போ. கையை எடு. தாத்தா உள்ளே போய்விட்டு வந்துவிடுகிறேன். ஐயோ, வர மாட்டேன் என்கிறாளே. சட்டையை விடு கண்ணு. கழுத்தை விடு. அழாதே, அழுதால் உள்ளே விட மாட்டார்கள்.

ஜட்ஜய்யா ஏதோ கேட்கிறார். "இத்தன நாளா ஏம்மா சொல்லல?" என்கிறார். சும்மா இரு கண்ணு. ஒரு நிமிசம் சும்மா இரு. அவள் பதில் சொல்கிறாள். வாய் அசைகிறது, இந்தப் பிள்ளை என் காதுக்குள்ளேயே அழுகிறாள், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே எல்லாரும் ஏன் இந்த ஜன்னலைத் திரும்பிப் பார்க்கிறார்கள்?

என்ன சொன்னாள் தம்பி? உங்களுக்குக் கேட்டதா?